சந்தனம் சொட்டிய கோர்ட்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. படித்தது அஞ்சாம் கிளாஸ் வரைக்கும்தான். ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருக்கும்போது இன்னொன்று மறந்துபோகும். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிற ஆள் நான். எங்கள் சூப்பர்வைசர் அம்மா, "மாப் வேலைக்குப் புதுசா பொண்ணுங்க வராங்க, நீ பட்டதெல்லாம் எழுதிக் குடு பெரிம்மா" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்டதால் எழுதுகிறேன். எழுத்துப் பிழையைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

1. தண்ணீர் ஊற்றக் கூடாது

எனக்குச் சொந்த ஊர் பிச்சாட்டூர் பக்கம். சித்தூரில் மாம்பழக் கூழ் எடுக்கிற யூனிட்டில் பல வருஷம் தரை கழுவினேன். சீசனில் தரை பூராவும் கூழும் தோலுமாகக் கிடக்கும். ஓஸ் பைப்பைப் பிடித்துத் தண்ணீர் அடித்தால்தான் போகும். அப்புறம் மகளோடு திருப்பதிக்கு வந்துவிட்டேன். ஹவுஸ்கீப்பிங் கான்ட்ராக்டில் சேர்ந்தேன். இன்டோர் ஸ்டேடியத்துக்கு அனுப்பினார்கள்.

மொத நாள் பக்கெட் நிறையத் தண்ணீர் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். சூப்பர்வைசர் அம்மா தூரத்திலிருந்தே கத்தினார்.

"ஐயோ பெரிம்மா! ஊத்திடாதே! மரம் ஊதிக்கும்!"

தரை பூராவும் மரம். முகம் தெரிகிற மாதிரி பாலீஷ். வீட்டுக் கதவுக்கே மரம் வாங்க முடியாத ஊரிலிருந்து வந்தவள் நான். காலடியில் இவ்வளவு மரத்தைப் போட்டு மிதிக்கிறார்களே என்று திகைத்துப் போய் நின்றேன்.

அடுத்த அதிர்ச்சி வேலையைச் சொன்னபோது. பெண்கள் பேஸ்கட்பால் டீம் ஒன்று புதிதாக வந்திருந்தது. மேட்ச் நடக்கும்போது நான் கூடைக்குப் பின்னால், கோடு ஓரமாக, கையில் துண்டோடும் மாப்போடும் உட்கார வேண்டும். யாராவது விழுந்தால் வேர்வை தரையில் ஒட்டிக்கொள்ளும். ரெஃப்ரி விசில் ஊதிக் கை காட்டுவார். ஓடிப் போய்த் துடைத்துவிட்டு ஓடி வந்துவிட வேண்டும்.

"அத்தினி பேர் பாக்கறப்பவா?" என்றேன்.

"எத்தினி பேர்? பொம்பளைங்க ஆடறத எவன் வந்து பாக்கப் போறான்? நீயும் வாட்ச்மேனும்தான்" என்று சிரித்தார்.

அவர் சொன்னது அந்த முதல் வருஷத்துக்குச் சரியாகத்தான் இருந்தது.

டீம் பெண்கள் வரிசையாக உள்ளே வந்தார்கள். எல்லோரும் அவ்வளவு உயரம். இரண்டு பேர் கதவில் குனிந்து வந்தார்கள். ஒருத்தி மட்டும் நம்ம பக்கத்துத் தமிழில், "இன்னா பெரிம்மா அப்டி பாக்கற? நாங்களும் சோறுதான் துன்றோம்" என்றாள். அவள்தான் சுகுணா. வரதய்யபாளையத்துப் பெண். இடுப்புக்குக் கீழே தொங்குகிற பின்னல். டீமுக்கு வருவதற்கு முன்னால் ஸ்ரீசிட்டியில் ஒரு போன் ஃபேக்டரியில் அசெம்பிளி லைனில் நின்றவள்.

"இதுக்கு இன்னா தருவாங்க? டிபனா?" என்று கேட்டேன்.

"சம்பளம் பெரிம்மா. மாசாமாசம் பேங்க்ல வரும்."

"பந்து ஆடறதுக்கா?"

"பந்து ஆடறதுக்குத்தான்."

அன்றைக்கு ராத்திரி மகளிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை. எனக்கே ஏதோ பொய் சொன்ன மாதிரிதான் இருந்தது.

2. கத்துவதற்காக வந்தவர்கள்

டீமின் ஓனர் சித்தூரில் மாம்பழக் கூழ் வியாபாரம் செய்கிறவர். தெலுங்குக்காரர், தமிழும் பேசுவார். ஏன் இந்த டீமை வாங்கினார் என்று யாருக்கும் தெரியாது. "கிரிக்கெட் டீம் வாங்கணும்னா என் தோப்பெல்லாம் வித்தாலும் பத்தாதம்மா" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். முதல் வருஷம் டிக்கெட்டே கிடையாது. சும்மா வந்து உட்காருங்கள் என்று கேட்டில் ஆள் நிறுத்திக் கூப்பிட்டார்கள். ஏ.சி.க்காக வந்தவர்கள் நாலு பேர் தூங்கிவிட்டுப் போவார்கள்.

இரண்டாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுகுணாவின் பழைய ஷிஃப்ட் சிநேகிதிகள் ஒரு வேன் பிடித்து வந்தார்கள். ஷிஃப்ட் முடிந்து அப்படியே யூனிஃபார்மோடு வந்தவர்கள். பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் தெலுங்கு. சுகுணா ஒரு கூடை போட்டாள். அவர்கள் கத்தின கத்தலில் என் கையிலிருந்த துண்டு கீழே விழுந்துவிட்டது. சின்னச் சின்னப் பெண்கள். அந்த உடம்புக்குள்ளிருந்து அப்படி ஒரு சத்தம்.

இன்டர்வெல்லில் ஒரு பெண்ணிடம் கேட்டேன், "இன்னாமா அப்டி கத்தறீங்க? தொண்டை இன்னாவறது?"

"லைன்ல பேசக் கூடாது ஆன்ட்டி. எட்டு மணி நேரம் வாயே தொறக்கக் கூடாது. இங்க வந்தா யாரும் கேக்கறதில்ல. அதுவும் நம்ம சுகுணாக்கா. எங்க லைன்ல எங்க பக்கத்துல நின்னவங்க."

அடுத்த மேட்சுக்கு நாலு வேன் வந்தது. அப்புறம் பஸ். அப்புறம் காலேஜ் பெண்கள், நர்ஸுகள், பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தவர்கள். ஆம்பிளைகள் பின்னால் வந்தார்கள். மூன்றாம் வருஷம் டிக்கெட் போட்டார்கள். டிக்கெட் போட்டும் கேட்டுக்கு வெளியே ஆட்கள் நின்றார்கள். டிவி கேமரா வந்தது. ஓனர் சார் வாசலில் நின்று கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே, "ஏமம்மா இதி? நிஜமா?" என்று, அதாவது என்னம்மா இது என்று, என்னிடம் கேட்டார். போயும் போயும் என்னைக் கேட்கிறாரே. தலையை மட்டும் ஆட்டினேன்.

அந்த வருஷம்தான் ஒரு கூந்தல் எண்ணெய் கம்பெனி சுகுணாவுக்கு ஸ்பான்சராக வந்தது. அவள் சம்பளத்தில் பெரிய பாகத்தை அவர்கள் கொடுத்தார்கள். பஸ் ஸ்டாண்டு எதிரில் பெரிய போர்டு. சுகுணா எகிறிப் பந்து போடுகிறாள், பின்னல் அவள் தலைக்கு மேலே பாம்பு மாதிரி பறக்கிறது. கீழே எண்ணெய் பாட்டில். பஸ் ஏறும்போதெல்லாம் பார்ப்பேன். கழுத்து வலிக்கும்.

அதே வருஷம் நடுவில் சுகுணாவுக்கு முட்டி திரும்பிக்கொண்டது. ஆபரேஷன். இனி ஆட மாட்டாள் என்றே எல்லோரும் பேசினார்கள். மாதக்கணக்கில் கட்டையை ஊன்றி நடந்தாள். ஆனாலும் அடுத்த சீசன் திரும்பி வந்தாள்.

3. லட்டு

அந்தச் சீசனில் முக்கியமான மேட்ச். ஜெயித்தால் செமி ஃபைனல். மத்தியானமே தரையைத் துடைத்துவிட்டு டிரெஸ்ஸிங் ரூம் பக்கம் போனேன். உள்ளேயிருந்து சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன்.

சுகுணா நடுவில் நிற்கிறாள். தலையில் ஒரு முடி இல்லை. மழமழவென்று மொட்டை. அதன் மேல் மஞ்சளாகச் சந்தனம்.

என் வாய் தானாக, "கோவிந்தா" என்றது. திருப்பதியில் யாராக இருந்தாலும் அப்படித்தான் வரும். அதற்கப்புறம்தான் பஸ் ஸ்டாண்டு போர்டு ஞாபகம் வந்தது.

"இன்னாடி செஞ்ச?"

"முட்டி நல்லாச்சின்னா நடந்து ஏறி முடி குடுக்கறேன்னு வேண்டிக்கினு இருந்தேன் பெரிம்மா. டாக்டர் போன வாரம்தான் முழுசா சரின்னு சொன்னாரு. நேத்து லீவு. அதான் போய்க் குடுத்துட்டு வந்தேன்."

கோச் மேடம் சென்னைக்காரர். அவர் முடியைப் பற்றியே கேட்கவில்லை. "மேட்ச்சுக்கு முந்தின நாள் அத்தனை படி ஏறினியா? அந்த முட்டியோட?" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

கூட ஆடுகிற ஒருத்தி மட்டும், "லட்டு எங்கடி?" என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சுகுணா பையைத் திறந்து ஆளுக்குக் கொஞ்சம் பிட்டுக் கொடுத்தாள்.

அந்த நேரத்தில்தான் ஓனர் சாரும் எண்ணெய் கம்பெனி சாரும் உள்ளே வந்தார்கள். ஓனர் சார் சந்தனத் தலையைப் பார்த்ததும் இரண்டு கையையும் கூப்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம்தான் அவருக்கு முகம் மாறியது. "அய்யய்யோ! ஏம்மா! ஏன்மா!" என்று கத்தினார். சுகுணா இருவர் கையிலும் லட்டு வைத்தாள். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? கம்பெனி சார் அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டே திட்டினார்.

"எங்க வீட்டுப் பொம்பளைங்களும் மலைக்குப் போறாங்கம்மா. மூணு கத்திரி முடி கொடுத்துட்டு வர்றாங்க. அது போதாதா உனக்கு?"

"வேண்டிக்கினது மொட்டை சார். குடுக்கறப்ப கத்திரின்னு மாத்திக்கினா சாமி சும்மா இருக்குமா?"

"உனக்குச் சம்பளம் எதுக்கு வருதுன்னு தெரியுமா? அந்தப் பின்னலுக்கு. நீ போடற பந்துக்கு இல்ல."

சுகுணா அவரையே பார்த்தாள். "அப்டியா சார்? நான் பந்துக்குன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றாள்.

இத்தனை வருஷம் அவள் ஆடின ஆட்டத்தைத் தரையில் உட்கார்ந்து பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். அந்த வேர்வையைத் துடைத்தவள். அது எதற்கும் காசு இல்லையா?

கம்பெனி சார் கோச் மேடத்திடம் சொல்லிவிட்டார். இந்தத் தலையோடு டிவியில் தெரிந்தால் கம்பெனி விலகிவிடும். கம்பெனி விலகினால் தன்னால் மட்டும் அவளை வைத்துக்கொள்ள முடியாது என்று ஓனர் சார் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். சுகுணாவுக்கு மறுபடி ஃபேக்டரி லைன்தான்.

கோச் மேடம் எழுந்தார். "மேட்ச் ஆரம்பிக்கற வரைக்கும்தான் நீங்க பேசலாம். அதுக்கப்புறம் யாரு ஆடணும்னு நான் சொல்லணும்" என்றார்.

4. சவுரி

சுகுணா இறங்கினாள். ஹால் பூராவும் ஒரு நிமிஷம் சத்தம் நின்றுபோனது. போர்டில் பார்த்த பின்னலைத் தேடுகிறார்கள். அப்புறம் ஃபேக்டரிப் பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து, "கோவிந்தா!" என்று ஒரு குரல். "கோவிந்தா!" என்று ஹாலே பதில் சொன்னது. வெளியூர் டீம் பெண்கள் பயந்துபோய் மேலே பார்த்தார்கள்.

இரண்டாவது குவார்ட்டரில் நான் எதிர்பார்க்காதது நடந்தது. வேர்க்க வேர்க்கத் தலைச் சந்தனம் கரைந்து, காதுக்குப் பின்னால் வழிந்து, தரையில் சொட்டியது. எதிர் டீம் பெண் ஒருத்தி அதில் கால் வைத்துச் சறுக்கினாள். நல்லவேளை, அடி இல்லை. விசில். ஓடினேன். உலர்ந்த துண்டால் தேய்த்தால் சந்தனம் மஞ்சளாகப் பரவுகிறது, போகவில்லை. ஓரமாக ஓடி வந்து துணியை நனைத்துப் பிழிந்துகொண்டு போய்த் துடைத்தேன். அப்புறம் உலர்ந்த துண்டு. எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முதுகு கூசியது.

இன்டர்வெல்லில் தலையைக் கழுவிவிடலாம் என்று ஒரு சொம்பில் தண்ணீரோடு போனேன். உள்ளே விட்டால்தானே? கம்பெனி சார் யாரையோ அனுப்பிக் கல்யாண மேக்கப் கடையிலிருந்து சவுரி வாங்கி வரச் செய்திருந்தார். தலைக்கு மாட்டுகிற முழு முடி. நீளப் பின்னலோடு. அதைச் சுகுணா முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார்.

"இதை மாட்டிக்கிட்டு ஆடு. ஆனது ஆச்சு, இனிமே கேமராவுக்குத் தெரியாது. எல்லாம் சரியாயிடும்."

எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஓனர் சாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சுகுணா அதைத் தொடவில்லை. "இது எந்தப் பொம்பள என்னா வேண்டிக்கினு குடுத்த முடியோ சார். என்னுத சாமிக்குக் குடுத்துட்டு, மறுநாளே இன்னொருத்தி குடுத்தத எடுத்து மாட்டிக்கினு நிக்கறதா? முட்டி மறுபடியும் போயிடும்."

"முட்டி போகாது. வேலைதான் போகும்."

"போனா போவட்டும் சார்."

பக்கத்தில் நின்ற டீம் பெண் ஒருத்தி, "ஹெல்மெட் கம்பெனிக்காரன் யாரையாச்சும் புடிங்க சார், இந்தத் தலைக்கு அதான் பொருத்தம்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. பேச்சிலேயே இன்டர்வெல் முடிந்துபோனது. பஸ்ஸர் அடித்துவிட்டது. என் சொம்புத் தண்ணீர் அப்படியே இருந்தது.

5. குனிந்த தலை

கடைசிக் குவார்ட்டர். இரண்டு டீம் பாயின்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே போகிறது. அவள் கையால் வழித்துக்கொண்டும் நிற்காமல், மறுபடியும் இரண்டு தடவை சந்தனம் சொட்டி நான் ஓடினேன். ரெஃப்ரி வடக்கத்திக்காரர். சுகுணாவைக் காட்டி, பெஞ்சைக் காட்டி, ஒரு விரலைத் தூக்கினார். இன்னொரு தடவை சொட்டினால் வெளியே உட்கார வேண்டும். ஆட்டத்தை நிறுத்தித் தலையைத் துடைக்கலாம் என்றால், கோச் மேடத்துக்கு டைம் அவுட் எல்லாம் தீர்ந்துவிட்டது.

முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். சுகுணாவை எதிர் டீமில் ஒருத்தி இடித்துத் தள்ளினாள். யாரும் மறிக்காமல் போடுகிற ஃப்ரீ த்ரோ, இரண்டு; விழுந்தால் ஒன்றுக்கு ஒரு பாயின்ட். நாங்கள் ஒரு பாயின்ட் பின்னால். சுகுணா கோட்டில் போய் நின்றாள். பந்தைக் கையில் வாங்கினாள். அவள் காலடியில் ஒரு சொட்டு விழுந்தது. மஞ்சள்.

விசில். நான் ஓடிப் போய் மண்டி போட்டுத் துடைத்தேன். துடைத்துக்கொண்டே இருக்கும்போது என் கை மேலேயே இன்னொரு சொட்டு விழுந்தது. நிமிர்ந்தேன். ரெஃப்ரி பெஞ்சைக் காட்டிக் கையைத் தூக்கப் போகிறார்.

எனக்கு அப்போது என்ன வந்தது என்று இப்போதும் தெரியவில்லை. எழுந்து நின்றேன்.

"குனிடி" என்றேன்.

"பெரிம்மா?"

"குனிடின்றேன்ல!"

பந்தை இடுக்கிக்கொண்டு குனிந்தாள். கையிலிருந்தது தரைத் துணி. சாமிக்குக் கொடுத்த தலையில் அதை வைக்க மனசு வரவில்லை. இடுப்பில் செருகியிருந்த முந்தானையை உருவினேன். உச்சி, நெற்றி, காது, பிடரி எல்லாம் அழுத்தித் துடைத்தேன். பிள்ளைக்குக் குளிப்பாட்டித் துவட்டுகிற மாதிரி. தலை சூடாக இருந்தது. நாடி துடிப்பது கைக்குத் தெரிந்தது. "அழுத்தாத பெரிம்மா, எரியுது" என்றாள். "சும்மா நில்லு" என்றேன்.

முடித்துவிட்டுத் திரும்பினால் ஹால் பூராவும் என்னையே பார்க்கிறது. ஒரு சத்தமில்லை. கேமரா என் முகத்துக்கு நேரே இருக்கிறது. எனக்கு உயிரே போய்விட்டது. ரெஃப்ரி கிட்டே வந்து சுகுணா தலையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். என் முந்தானையைப் பார்த்தார். பெஞ்சைக் காட்டவிருந்த கையை இறக்கிவிட்டு, போடு என்று சைகை காட்டினார்.

அதற்கப்புறம் வந்த சத்தத்தில் ஓடி வந்து என் இடத்தில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சுகுணா போட்ட இரண்டு பந்தையும் நான் பார்க்கவில்லை. இரண்டும் விழுந்தன என்று சத்தத்தில்தான் தெரிந்தது.

ஆனால் ஜெயிக்கவில்லை. கடைசி வினாடியில் அவர்கள் தூரத்திலிருந்து ஒன்று போட்டார்கள். உள்ளே போய்விட்டது. தோற்ற டீமுக்காக ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டியதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். கம்பெனி சார் நாற்காலி காலியாக இருந்தது. எப்போது போனார் என்று தெரியவில்லை.

6. எதற்குச் சம்பளம்

பஸ் ஸ்டாண்டு போர்டை மறுநாளே பிரித்துவிட்டார்கள். வெறும் இரும்புச் சட்டம்தான் நின்றது. சுகுணாவை யாரும் பிராக்டிஸுக்குக் கூப்பிடவில்லை. அவள் ஃபேக்டரியில் போய்க் கேட்டாள். லைன் லீடர் வரச் சொல்லிவிட்டாராம். என்னிடம் போனில் சொன்னபோது சாதாரணமாகத்தான் பேசினாள். நான்தான் அழுதேன்.

அதற்குள் நான் குனிடி என்றதும், அவள் குனிந்ததும் வீடியோவாக எல்லார் போனிலும் ஓடியது. என் மருமகன், "அத்த, நீங்களா இது?" என்று கேட்டபோது எங்கே போய் ஒளிவது என்று தெரியவில்லை. காய்கறிக் கடையில்கூட அடையாளம் கண்டுபிடித்தார்கள். ஃபேக்டரிப் பெண்கள், சுகுணாக்கா இல்லாவிட்டால் அடுத்த சீசனுக்கு நாங்கள் வர மாட்டோம் என்று ஓனர் சாருடைய ஆபீஸ் வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்களாம்.

ஒரு நாள் ஓனர் சார் சுகுணாவைக் கூப்பிட்டனுப்பினார். தனியாகப் போகப் பயந்து என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அங்கே அதே எண்ணெய் கம்பெனி சார் உட்கார்ந்திருந்தார். சிரித்த முகம்.

"நல்ல செய்திம்மா. கம்பெனி உன்னை வெச்சுக்குது. இனிமே மாசாமாசம் உன் தலையை போட்டோ எடுப்போம். மொட்டைல இருந்து எங்க எண்ணெய் போட்டுப் போட்டு முடி எப்படி வளருதுன்னு ஊருக்கே காட்டலாம். இதைவிட நல்ல விளம்பரம் கெடைக்குமா?"

வெட்கமில்லாமல் எப்படிப் பேசுகிறார் என்று அவர் வாயையே பார்த்தேன். ஓனர் சாரும் அசந்துபோய்விட்டார். சுகுணா எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"போட்டோ எடுத்துக்கோங்க சார். ஆனா ரெண்டு விஷயம் எழுதிப் போடணும். முடி வளந்தாலும் சரி, வளராட்டியும் சரி, நான் மறுபடியும் போய்க் குடுத்துட்டு வந்தாலும் சரி, ரெண்டு வருஷம் நான் ஆடணும். சம்பளம் பந்துக்கு. முடி போட்டோவுக்குத் தனியா."

கம்பெனி சார் ஓனர் சாரைப் பார்த்தார். ஓனர் சார், "ராயண்டி சார்" என்றார். எழுதுங்கள் என்று அர்த்தம். எழுதினார்கள். கோச் மேடத்தை வரவழைத்து, அவர் படித்துப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் சுகுணா கையெழுத்துப் போட்டாள்.

வேலைக்கு வருகிற பெண்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான். மரத்தரையில் தண்ணீர் ஊற்றக் கூடாது. சந்தனமானால் ஈரத் துணி முதலில், உலர்ந்த துண்டு பிறகு. இந்த வேலையில் நம்மைப் பார்ப்பார்கள், செத்துப்போய்விட மாட்டோம். எந்த வேலைக்குச் சேர்ந்தாலும் சம்பளம் எவ்வளவு என்று கேட்கிற மாதிரி, எதற்குத் தருகிறீர்கள் என்றும் வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் இத்தனை வருஷம் கேட்டதில்லை.

விசில் எந்த நேரத்தில் ஊதினார்கள், தோற்றது ஒரு பாயின்டிலா இரண்டு பாயின்டிலா என்பது எனக்கு நிச்சயமில்லை. முகத்தை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். அந்த வீடியோவை நான் இன்னும் முழுசாகப் பார்க்கவும் இல்லை, தைரியம் வரவில்லை. யாராவது பார்த்துவிட்டு, நான் எழுதினதில் தப்பு இருந்தால் திருத்திவிடுங்கள். சுகுணா இப்போது பிராக்டிஸில் இருப்பாள். அவளிடமும் கேட்டுப் போடுங்கள்.